அகழிக்குத் தண்ணீர்

துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம். கறவைக் கொட்டகையில் நின்ற மாடுகள் எல்லாம் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கின. ஏவிஸ் தர்லோ கையிலிருந்த இயந்திரக் குழாயைக் கொக்கியில் மாட்டிவிட்டு வாசலுக்கு ஓடி வந்தாள். அகழிக்கு அந்தப் பக்கம், பட்டுப்போன எல்ம் மரங்களிலிருந்து காகங்கள் கிளம்பி வீட்டுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன. சுட்டவர் யாரும் கண்ணில் படவில்லை. வீட்டின் கிழக்கு ஓரத்தில் நின்ற பெரிய செங்கல் புகைபோக்கி மட்டும், நேற்றுவரை நேராக நின்றது, இன்று யாரோ பேசுவதைக் காது கொடுத்துக் கேட்பது போல வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது.

மாட்டுக்காரர் பெர்ஸி போரெட் பின்னால் ஏதோ கேட்டார். முதலாளியைக் கூட்டி வரச் சொல்லிவிட்டு ஏவிஸ் பாலத்தின் மேல் ஓடினாள். அந்தக் கோடையில் எங்கு பார்த்தாலும் பொறிவண்டுகள். பாலத்துச் செங்கல்லில் அவள் செருப்புக்கடியில் அவை நொறுங்கின. கீழே அகழித் தண்ணீர் இரு கரைகளையும் விட்டு விலகி நடுவில் ஒரு பச்சை வாய்க்காலாகக் கிடந்தது. கரைச் சேறு காய்ந்து ஓடு ஓடாக மடிந்திருந்தது.

சமையலறை மேசை முன்னால் ஈனிட் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். ஏவிஸின் கணவன் ரோலண்டின் அக்கா. ஐம்பத்தெட்டு வயது, ஒல்லி, எப்போதும் இஸ்திரி போட்ட காலர். இன்று அவள் தலைமுடி, தோள், மேசைத்துணி எல்லாவற்றிலும் சுண்ணாம்புத் தூள். கோப்பையை மட்டும் உள்ளங்கையால் மூடிக் காப்பாற்றியிருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவருக்கும் புகைபோக்கிக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. அதன் வழியே வெயில், நானூறு வருஷமாக வெயிலே பார்க்காத தரைக்கல்லில் ஒரு கோடாக விழுந்தது.

"பயந்துட்டியா?" என்றாள் ஈனிட். "மேல உத்தரம் ரெண்டு வாரமாப் பேசிக்கிட்டுதான் இருந்துச்சு. இன்னிக்குக் கொஞ்சம் கத்திடுச்சு."

"எழுந்து வெளிய வா, ஈனிட்."

"டீ ஆறிடும்."

எழுபத்தாறாம் வருஷக் கோடை அது. மே மாதத்துக்குப் பிறகு வானம் எங்களை மறந்துவிட்டது. இங்கிலாந்தில் எங்கள் சஃபோக் பக்கத்துக் களிமண் ஈரமாக இருக்கும்வரை எதையும் தாங்கும். காய்ந்தால் சுருங்கும், வெடிக்கும், மேலே நிற்பதை உதறும். அந்த ஆகஸ்டில் வேலிக் கதவுகள் தாழ்ப்பாளோடு பொருந்தவில்லை. மாதாகோவில் கல்லறைகள் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்தன. தர்லோ வீடு இத்தனை காலம் நின்றது அகழியின் தயவில்தான். நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு மண்திடல், திடல்மேல் மரச்சட்டம் கோத்து எழுப்பிய வீடு. தண்ணீர் திடலை நனைத்து வைத்திருக்கும். திடல் வீட்டைப் பிடித்து வைத்திருக்கும். அகழியை வெட்டியவன் எழுநூறு வருஷத்துக்கு முந்தைய யாரோ ஒரு சின்னப் பண்ணையார். பக்கத்துப் பண்ணையில் வெட்டினார்களே என்று இவனும் வெட்டினான் என்பதுதான் ஊரில் சொல்வது. எதிரி எவனும் வந்ததாக ஒரு கதைகூட இல்லை.

ரோலண்டின் அப்பா சாகும்போது நிலத்தையும் மாடுகளையும் மகனுக்கும், வீட்டை மகளுக்கும் எழுதிவைத்தார். அகழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதனால் அக்காவும் தம்பியும் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். உள்கரை அவளுடையது, வெளிக்கரை அவனுடையது. அவள் உள்ளிருந்து பாசியை வாரினாள், அவன் வெளியிலிருந்து நாணலை அறுத்தான். நடுத் தண்ணீர் வாத்துகளுக்கு.

அப்பா உயிரோடு இருந்தபோது, முறைப்படி அந்த வீட்டில் ரோலண்டும் ஏவிஸும்தான் குடியேறியிருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த அன்று ஏவிஸ் பாலத்தில் நின்று அந்தத் தண்ணீரின் வாடையை முகர்ந்தாள். இதற்கு நடுவில் தன்னால் குடித்தனம் நடத்த முடியாது என்று சொல்லிவிட்டாள். ரோலண்ட் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தான். பிறகு வெளிக்கரையில் ஒரு செங்கல் வீடு கட்டினான். அப்பாவைப் பார்த்துக்கொள்ள இப்ஸ்விச் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வந்திருந்த ஈனிட் உள்ளேயே தங்கினாள். அப்பா போன பிறகும் தங்கினாள். ஜூன் மாதம் மாதாகோவில் நிதிக்காக ஒரு நாள் வீட்டைத் திறந்துவிடுவாள். வருகிறவர்களுக்கு டீயும் கேக்கும் கொடுத்து, சாய்ந்த தரையையும் புழு அரித்த உத்தரங்களையும் காட்டுவாள். அவளைத் தவிர வேறு யாராலும் அந்த வீட்டை இப்படி வைத்திருக்க முடியாது என்று ஊரே சொல்லும். வருஷத்துக்கு ஒரு வாரம் மட்டும் ஃபெலிக்ஸ்டோவில் கடலோரம் பங்களா வைத்திருக்கும் சிநேகிதி வீட்டுக்குப் போய் வருவாள். வந்ததும் சொல்வாள்: "தரை எவ்வளவு சமம்னா, ஒரு ஆரஞ்சுப் பழத்தைக் கீழ வெச்சா வெச்ச இடத்துலயே நிக்குது. எப்படித்தான் அதுல மனுஷங்க இருக்காங்களோ." எல்லோரும் சிரிப்பார்கள்.

ஜூலையில் பண்ணையின் ஆழ்குழாய்க் கிணறு வற்றியது. ஊர்க்குழாயில் நூல் மாதிரிதான் வந்தது. ரோலண்ட் அகழியில் பம்ப் வைக்கலாமா என்று அக்காவிடம் கேட்டான். தயங்கித்தான் கேட்டான், மண்ணைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை. ஈனிட் யோசிக்கக்கூட இல்லை. தாராளமாக எடுத்துக்கொள் என்றாள்.

இப்போது ரோலண்ட் சமையலறைக்குள் வந்து பிளவுக்குள் கையை விட்டுப் பார்த்தான். முழங்கை வரை போயிற்று. வெளியே எடுத்து, சட்டையில் துடைத்து, பாலத்தைக் கடந்துபோய் பம்பை நிறுத்தினான். ஒரு மாதமாகத் தடதடத்துக்கொண்டிருந்த சத்தம் நின்றதும் புறாக்களின் முனகல்கூடப் பெரிதாகக் கேட்டது.

ஈனிட் சுண்ணாம்புத் தலையோடு பின்னாலேயே வந்தாள். "எதுக்குப் பையா நிறுத்தின?" எங்கள் பக்கம் ஆண்பிள்ளை அறுபதைத் தொட்டாலும் பையன்தான். "மாடு என்ன குடிக்கும்?"

"அது என் கவலை."

"உசிரோட நிக்கறதுக்குத் தண்ணி இல்ல, செத்த மரத்துக்கு என்ன தண்ணி வேண்டிக்கிடக்கு? போடு பம்பை."

"நான் பொறந்த வீடு, ஈனிட்."

"நானும் அங்கதான் பொறந்தேன்."

அவன் பம்பிலிருந்து குழாயைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான்.

இந்தப் பேச்சை பெர்ஸி கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலமே அது பப்புக்குப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரின் பிரசங்கத்திலும் வந்தது. பெயர் சொல்லாமல், தன் கூரையைவிடச் சகோதரனின் மந்தையைப் பெரிதாக நினைத்த ஒரு பெண்மணி என்றார். எல்லோரும் முன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். ஈனிட் தலையைக் குனிந்துகொண்டாள். அந்த வெயிலிலும் முழுக்கை உடுப்பு போட்டு, கையுறை மாட்டியிருந்தாள்.

ரோலண்டுக்கு அந்தப் பிரசங்கம் உள்ளே போய்த் தைத்தது. தனக்காக அக்கா இவ்வளவு செய்யத் துணிந்தாள், தான் அவள் வீட்டின் காலை உடைத்துவிட்டோம் என்று ஏவிஸிடம் சொன்னான். மறுநாளே பழைய தண்ணீர்த் தொட்டி வண்டியை டிராக்டரில் பூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். மில்லுக்குக் கீழே ஒரு மடுவில் மட்டும் தண்ணீர் மிச்சம் இருந்தது. காலைச் சுமை மாடுகளுக்கு. மத்தியானச் சுமையையும் சாயங்காலச் சுமையையும் அகழியின் உள்கரையில், புகைபோக்கிக்கு நேர் கீழே திறந்துவிட்டான். களிமண் சீறிக்கொண்டு குடித்தது.

ஊரில் சிரித்தார்கள். பப் முதலாளி டெனிஸ் அவனைப் பார்த்து, "என்ன ரோலண்ட், அகழிய ரொப்பறயாமே. பிரெஞ்சுக்காரன் படையோட வரானா?" என்று கேட்டான். இன்னொருவன், தூக்குப்பாலமும் போடச் சொல், வரி வசூலிக்கிறவன் உள்ளே வரமாட்டான் என்றான். ரோலண்ட் கிளாஸை முடிக்காமல் எழுந்து வந்துவிட்டான்.

சிரிப்பைவிட அவனைக் குடைந்தது வேறொன்று. பம்ப் நின்றும் அகழி இறங்கிக்கொண்டே இருந்தது. காலையில் போய்ப் பார்த்தால் நேற்று ஊற்றியது இல்லை, அதற்கு மேலும் குறைந்திருந்தது. வெயில் குடிக்கிறது என்றார் பெர்ஸி. ரோலண்ட் தலையாட்டவில்லை. பம்ப் போட்டு இறக்கியதில் அடிமண்ணே வெடித்திருக்கும், இனி எவ்வளவு ஊற்றினாலும் வழிந்து போகும், எல்லாம் தன் கைவேலை என்பது அவன் கணக்கு. சாப்பாட்டு மேசையில் முள்கரண்டியைப் பிடித்தபடி அப்படியே தூங்கிப்போனான். மாடுகளின் பால் பாதியாகிவிட்டது. காலித் தொட்டியின் விளிம்பை அவை நக்கும் சத்தம் வீட்டுக்குள் கேட்டது.

ஏவிஸ் ஈனிட்டைத் தங்கள் வீட்டுக்கு வந்துவிடச் சொன்னாள். ஈனிட் வரவில்லை. ஆனால் அலமாரிப் பீங்கான்களை எல்லாம் இறக்கிச் செய்தித்தாளில் சுற்றினாள். விழுந்து உடையக் கூடாது அல்லவா என்றாள். ஏவிஸும் உட்கார்ந்து சுற்றிக் கொடுத்தாள். ஈனிட் ஒவ்வொரு பெட்டியையும் கயிற்றால் கட்டி, வாசலுக்குப் பக்கத்தில் அடுக்கினாள்.

இரண்டாவது சத்தம் கேட்ட அன்று, மாடிப் படுக்கையறைத் தரை ஒரு பக்கம் இறங்கிய அன்று, ரோலண்ட் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தான்.

"மாட்டை வித்துடறேன்."

ஏவிஸ் அடுப்பை அணைத்தாள். கொம்பில்லாத சிவப்பு மாடுகள், அவன் அப்பா ஒன்றொன்றாகச் சேர்த்த வம்சம். கல்யாணத்தன்று காலையில்கூட அவன் கறந்துவிட்டுத்தான் கோவிலுக்கு வந்தான். இந்தப் பஞ்சத்தில் கறிக்கடைக்காரனைத் தவிர யார் வாங்குவார்கள் என்று கேட்டாள். அவனுக்கும் அது தெரியும்.

"ஒரு வண்டி, ரெண்டு வாய். என்னால முடியல ஏவிஸ். மாடு போச்சுன்னா எல்லாச் சுமையும் அகழிக்கு. மாடு வேற வாங்கிக்கலாம். அந்த வீட்டை எந்தச் சந்தைல வாங்குவேன்?"

"ஈனிட்கிட்ட சொன்னியா?"

"சொன்னா வேணாம்பா. அவ எப்படின்னு உனக்குத் தெரியாதா?"

லாரி வந்த நாளும் மேகமில்லாமல் விடிந்தது. பெர்ஸி ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, பலகைமேல் ஏற்றினார். மாடுகள் முரண்டு பிடிக்கவில்லை. அதுதான் பார்க்க முடியவில்லை. தண்ணீருக்கு அழைத்துப் போகிறார்கள் என்று அவை நினைத்திருக்கலாம். ரோலண்ட் லாரியின் பக்கவாட்டில் நின்று, ஏறும் ஒவ்வொரு முதுகிலும் கை வைத்துக்கொண்டிருந்தான். கடைசிக்கு முன்னால் நின்ற ஒரு கிடேரி மட்டும் பலகையில் கால் வைத்தது, மூக்கைத் தூக்கிக் காற்றை முகர்ந்தது, பெர்ஸியை இடித்துத் தள்ளிவிட்டு ஓடியது.

ஆண்கள் லாரிக் கதவை விட்டு நகர முடியாது. ஏவிஸ்தான் பின்னால் ஓடினாள்.

கிடேரி அகழியைச் சுற்றிக்கொண்டு நீளப் புல்வெளியின் சரிவில் இறங்கியது. புல்வெளி என்பது பேருக்குத்தான். பாய் மாதிரிப் பழுத்துக் கிடந்தது. சரிவின் அடியில் முள்வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய ஓடை உண்டு. மே மாதத்திலிருந்து அங்கே யாருக்கும் வேலை இல்லை. கிடேரி முள்ளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போயிற்று. ஏவிஸ் வேலியைச் சுற்றி வந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

கண்ணுக்கெட்டிய தூரம் வெந்த பழுப்பு. அதற்கு நடுவில் ஓடைக்குள் ஒரு பச்சைக் கோடு. காட்டுப்புதினாவும் நீர்க்கீரையும் இடுப்பளவு வளர்ந்திருந்தன. அதற்குள் கிடேரி முட்டி மடக்கி நின்று, இழுத்து இழுத்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஏவிஸ் குனிந்து விரலை வைத்தாள். குளிர்ந்த, ஓடுகிற தண்ணீர். மெல்லியதுதான். ஆனால் நிற்காமல் ஓடியது.

மேல்நோக்கி நடந்தாள். ஓடை அகழியின் வெளிக்கரையில், காஞ்சொறிப் புதருக்குள் போய் முட்டியது. அங்கே ஒரு மதகு இருந்தது. அகழியை அடிவரை காயவிட்டுச் சேறு அள்ளுவதற்காக, அடிமட்டத்தில் வைத்த கருவாலி மரப் பலகை. மாமனார் காலத்துக்குப் பிறகு அதை யாரும் தூக்கியதில்லை, அது இருப்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. புதரின் நடுவே காஞ்சொறி மிதிபட்டு ஒரு சின்னத் தடம். பலகை இரண்டு விரல்கடை உயர்ந்திருந்தது. அது கீழே இறங்கிவிடாமல் இடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகியிருந்தார்கள். ஒரு ஓரம் கருகிய நீளக் கரண்டி. போன வருஷம் ஈனிட்டின் சமையலறையில் பிளம் ஜாம் கிண்டும்போது அந்த ஓரத்தை அடிப்பிடிக்க விட்டவளே ஏவிஸ்தான்.

கரண்டியைப் பிடுங்கினாள். பலகை ஒரு பெருமூச்சு போல இறங்கியது. சளசளப்பு நின்றது.

லாரிக்கு ஓடு, நிறுத்து, ஏற்றியதை இறக்கு என்றுதான் முதலில் தோன்றியது. அப்படி ஓடினால் ரோலண்ட் ஏன் என்று கேட்பான். இரவும் பகலும் அவன் சுமந்து ஊற்றிய தண்ணீருக்கு என்ன ஆயிற்று என்று அவள் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அவனுக்கு அந்த வீடு வீடாக இருக்காது, அக்கா அக்காவாக இருக்க மாட்டாள். சொல்லாவிட்டால் மாடுகள் போய்விடும். சரிவுக்கு மேலே லாரியின் எஞ்சின் அணைந்திருந்தது. டிரைவர் சிகரெட் பிடிக்கிறான் போல. கிடேரிக்காகக் காத்திருக்கிறார்கள். அந்த அவகாசம்தான். அவள் பாலத்தைக் கடந்து வீட்டுக்குள் போனாள்.

ஈனிட் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். வெயில் கோடு இப்போது ஒரு பட்டையாக அகன்று மேசைக் கால்வரை வந்திருந்தது. ஏவிஸ் ஈரக் கரண்டியைத் தோல் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தாள். ஈனிட் அதைப் பார்த்தாள். கத்தியைக் கீழே வைத்தாள்.

"காஞ்சொறி பட்டுதா? கையைக் காட்டு."

ஏவிஸ் காட்டவில்லை. ஈனிட் தன் முழுக்கை உடுப்பின் பித்தானைக் கழற்றி மேலே சுருட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை பழையதும் புதியதுமாகச் சிவந்த தடிப்புகள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் ஏவிஸ்.

"அவன் பம்பை நிறுத்தின அன்னிக்குச் சாயங்காலம். அவன் நிறுத்துவான்னு நான் நினைக்கல, ஏவிஸ். பம்பே வீட்டை முடிச்சிரும்னு இருந்தேன். போடு போடுன்னு சொன்னேனே, நீயும் கேட்டியே."

"தண்ணிய அவன் ஆத்துலேர்ந்து சுமந்துட்டு வந்து ஊத்தினான்."

"பாத்தேன்."

"மாட்டை ஏத்திட்டிருக்கான்."

"அதையும் பாத்தேன். காலைலேர்ந்து ரெண்டு தடவை பாலம் வரைக்கும் போனேன்." அவள் கை மேசைத்துணியின் ஓரத்தை மடித்தது, பிரித்தது, மறுபடி மடித்தது. "கால் அதுக்கு மேல போகல."

வெளிக்கரையிலிருந்து ரோலண்டின் குரல் கேட்டது. கிடேரி கிடைத்ததா, டிரைவருக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டான். களைத்த குரல், கோபம் இல்லாத குரல். இரண்டு பெண்களும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. மேலே உத்தரம் ஒருமுறை முனகி அடங்கியது. மேசையில் வைத்த உருளைக்கிழங்கு ஒன்று தானாக உருண்டு, சரிந்த பக்கம் போய்த் தரையில் விழுந்தது.

ஏவிஸ் தாழ்ந்த குரலில் கேட்டாள். "இங்க இருக்கப் பிடிக்கலைன்னா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஃபெலிக்ஸ்டோவுக்கு நாங்களே கொண்டுபோய் விட்டிருப்போமே. யாரு உன்னைக் கட்டிப்போட்டா?"

ஈனிட் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கி, பித்தானைப் போட்டாள்.

"நான் விட்டுட்டுப் போனேன்னு இருக்கக் கூடாது, ஏவிஸ். வீடுதான் என்னை விட்டுப் போகணும்."